முதல் கேள்வி: எங்கே சந்தித்தீர்கள்?

1

சென்ற அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வந்து கணினியைத் திறந்தபோது லேனா என்ற பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. லேனா என் மகள் யாழினியின் தோழி. யாழினிக்கும் யோனாஸ் என்ற ஜெர்மன் இளைஞனுக்கும் வருகிற மே மாதம் கல்யாணம்.

இங்கே ஜெர்மனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. கல்யாணத்தன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு பத்திரிகை அச்சடித்து விருந்தினர்களுக்குக் கொடுப்பார்கள். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை போல முகூர்த்த நேரமும் பெரியோர்கள் பெயரும் அதில் இருக்காது. உண்மையான செய்தித்தாள் போல இருபது பக்கத்துக்கு மேல் வரும். மாப்பிள்ளை ஐந்து வயதில் எந்தக் குளத்தில் விழுந்தான், மணப்பெண் ஓட்டுநர் தேர்வில் எத்தனை முறை தோற்றாள் என்று முழுக்கக் கேலியாக இருக்கும். அதில் ஒரு பக்கம் பெற்றோர்களுக்கு. அந்தப் பக்கத்துக்குத்தான் லேனா எட்டுக் கேள்விகள் அனுப்பியிருந்தாள். முதல் கேள்வி: நீங்கள் இருவரும் எங்கே, எப்படிச் சந்தித்தீர்கள்?

கீழே தனியாக ஒரு குறிப்பு: "உங்கள் கதை எனக்குத் தெரியும். யாழினி பலமுறை சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் நீங்கள் எழுதித் தர வேண்டும். அந்தக் கோட்டையின் புகைப்படமும் வேண்டும்."

ஏழு கேள்விகளுக்கு அன்று மாலையே பதில் எழுதிவிட்டேன். முதல் கேள்விக்கு எழுதவில்லை. அந்தக் கதையை இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அலுவலக விருந்தில், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், யாழினியின் பள்ளியில், கடைசியாக யோனாஸின் அப்பா அம்மாவிடம். எழுத்தில் மட்டும் ஒருமுறைகூடப் பொய் எழுதியதில்லை. பதினான்கு வயதிலிருந்து தினமும் டைரி எழுதுகிறவள் நான். வாயால் என்ன சொன்னாலும், எழுதும்போது நடந்ததைத்தான் எழுதுவேன்.

அந்தக் கதை நடந்ததுதான். எனக்கு நடக்கவில்லை.

2

நம் ஊரில் ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து யாரும் "எங்கே சந்தித்தீர்கள்" என்று கேட்பதில்லை. யார் வீட்டுப் பெண், யார் மூலமாக வந்த சம்பந்தம் என்பது தெருவுக்கே தெரியும். இங்கே அதுதான் முதல் கேள்வி. கையில் ஒரு கோப்பை கொடுப்பார்கள், உட்காரச் சொல்வார்கள், கேட்பார்கள். வானிலையைக் கேட்பது போன்ற மரியாதை அது.

நான் இங்கே வந்து சில ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டவர் அலுவலகத்தில் மொழிச் சான்றிதழ் கேட்டார்கள். யாழினிக்கு அப்போது மூன்று வயது. அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போவேன். ஆசிரியை அறுபதை நெருங்கியவர், அன்பானவர். வியாழக்கிழமைகளில் ஒரு காதல் நகைச்சுவைப் படத்தை அரை மணி நேரம் போடுவார். பிறகு எங்களைப் பேசச் சொல்வார். ஒரு வியாழக்கிழமை, அவரவர் வாழ்க்கைத் துணையைச் சந்தித்த கதையைக் கேட்டார். பிரேசில் நாட்டுப் பெண் ஒரு படகைப் பற்றிச் சொன்னாள். போலந்துக்காரி, லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். வகுப்பே கைதட்டியது.

என் முறை வந்தது. எனக்குத் தெரிந்த சொற்களில் உண்மையைச் சொன்னேன். "அவர் ஒன்பது பேருடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் காபி கொண்டுவந்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். பிறகு எங்களுக்குக் கல்யாணம் ஆனது."

யாரும் கைதட்டவில்லை. இடைவேளையில் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, என் கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "வசந்தி, வீட்டில் உங்களுக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார். ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் தனியறையில் என்னிடம் கேட்டது இதுதான்: "ஜெர்மனி ரொம்பக் குளிரும். உங்களுக்குப் பரவாயில்லையா?" நான் "பரவாயில்லை" என்றேன். எட்டு நிமிடம். கல்யாணத்துக்குச் சம்மதமா என்பதைவிடக் குளிருக்குச் சம்மதமா என்று கேட்ட அந்த மனிதரை எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று. அதைச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. ஆசிரியை இரக்கப்பட்டுப் பார்த்த அந்தப் பார்வை மட்டும் ஒரு வாரம் முழுக்க என் கூடவே வந்தது.

அடுத்த வியாழக்கிழமை கையைத் தூக்கி, போன வாரம் சரியாகச் சொல்லவில்லை, திரும்பச் சொல்கிறேன் என்றேன். எங்கள் ஊர் செஞ்சியில் ஒரு மலைக்கோட்டை இருக்கிறது. கல்லூரியிலிருந்து அங்கே புல் வெட்டும் முகாமுக்குப் போனோம். ராஜகிரி மலைப் படியில் ஒரு குரங்கு என் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டது. முன்பின் தெரியாத ஒரு பையன் குரங்குக்கு வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கொடுத்துக் கண்ணாடியை மீட்டான். ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. எனக்குப் படி தெரியவில்லை. அவன் ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லி என்னைக் கீழே அழைத்துவந்தான்.

"கையைப் பிடித்தா?" என்று ஆசிரியை ஆவலோடு கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

வகுப்பு கைதட்டியது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். நான் கற்பனை செய்ததாக நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த விருந்தில் அவரே குரங்கு போல முகத்தைக் காட்டிக் கடலை வாங்கி நடித்தார். இது யாருடைய கதை என்று அவரிடமும் நான் சொல்லவில்லை.

நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வரும் ரத்த மாதிரிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, சரிபார்த்து அனுப்புவது என் பொறுப்பு. ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயரை ஒட்டிவிடக் கூடாது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் நான் அப்படி ஒட்டியதில்லை.

3

யாழினி வளர்ந்தபோது வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் படம் பார்க்கும் வழக்கம் வந்தது. ஒரு வாரம் இந்த ஊர்ப் படம், ஒரு வாரம் தமிழ்ப் படம். இரண்டும் காதல் நகைச்சுவைதான். அவளுக்கு வேறு எதுவும் பிடிக்காது. எனக்கும் அவளுக்கும் நடந்த நீண்ட பேச்சுகளில் பாதி அந்தச் சோபாவில் நடந்தவை.

தமிழ்ப் படத்தில் கதாநாயகன் பேருந்து நிறுத்தத்தில் நான்கு நாள் நின்றால் அவள் படத்தை நிறுத்திவிடுவாள். "அந்தப் பொண்ணு 'நோ' சொல்லிட்டா. இவர் ஏன் வீட்டுக்குப் போகல? போலீஸ் எங்க?" என்று கேட்பாள். இந்த ஊர்ப் படத்தில் ஒரே வீட்டில் மூன்று ஆண்டு சேர்ந்து இருந்துவிட்டு, 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று சொல்ல ஒருவன் நடுங்கினால் நான் நிறுத்திவிடுவேன். "ஒண்ணா சமைச்சு சாப்பிடுறாங்க, துணி துவைக்கிறாங்க, இதைச் சொல்ல என்ன பயம்?" அவள் தலையில் அடித்துக்கொள்வாள். "அம்மா, அது வேற, இது வேற."

பார்த்துப் பார்த்து நான் ஒன்றைக் கவனித்தேன். இந்த ஊர்ப் படங்களில் தடை அந்த இரண்டு பேருக்குள்ளேயே இருக்கிறது. அவனுக்குப் பயம், அவளுக்குக் கோபம், நடுவில் ஒரு தவறான எண்ணம். அப்பா அம்மா கடைசிக் காட்சியில் நல்ல உடை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்காருவதோடு சரி. நம் படங்களில் அந்த இரண்டு பேருக்குள் ஒரு பிரச்சினையும் கிடையாது. தடை முழுக்க வீட்டுக்குள், தெருவுக்குள் இருக்கிறது. அதனால் இங்கே கடைசியில் ஒருவர் ஓடிப்போய் இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்டால் படம் முடிந்துவிடுகிறது. நம் ஊரில் யார் யாரிடம் ஓடுவது?

இந்த ஊர்ப் படங்களில் இன்னொரு ஆள் வருவார். கதாநாயகியின் அக்காவோ தோழியோ. கடிதத்தை ஒளித்துவைப்பார், ரகசியத்தை உளறிவிடுவார். அவரால்தான் பாதிப் படம் ஓடும். கடைசிப் பத்து நிமிடத்தில் கேக் வெட்டும்போது எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்து மன்னித்துவிடுவார்கள். அந்த ஆள் திரையில் வரும்போதெல்லாம் நான் எழுந்துபோய்த் தேநீர் போடுவேன். யாழினி இதைக் கவனித்ததில்லை என்று நினைக்கிறேன்.

படம் முடிந்ததும் அவள் சொல்வாள்: "நம்ம வீட்டுக் கதைதான் பெஸ்ட். குரங்கு இருக்கு." யோனாஸ் முதன்முதலாக ஒரு மலைப்பாதையில் அவள் கையைப் பிடித்தபோது, "என் அப்பா அம்மா மாதிரி" என்று அவனிடம் சொன்னாளாம். அவளே என்னிடம் சொன்னாள். அன்றைய டைரியில் அதை எழுதிவிட்டு, அதற்குக் கீழே வெகு நேரம் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

4

இனி நடந்தது.

என் தங்கை கலை என்னைவிட நான்கு வயது இளையவள். எங்கள் வீட்டில் மூக்குக்கண்ணாடி போட்டவள் அவள் ஒருத்திதான். எட்டாம் வகுப்பிலிருந்து கனமான கண்ணாடி. அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். என் கல்யாணத்துக்கு இருபத்தேழு நாள் இருந்தபோது, ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டே, ஐந்து மாதத்துக்கு முந்தைய அந்த முகாமைப் பற்றி என்னிடம் சொன்னாள். குரங்கு, கடலை, விரிசல், படி எல்லாம். அதற்குப் பிறகும் அந்தப் பையனோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்றாள். நான் அன்று இரண்டே முக்கால் பக்கம் எழுதினேன். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த இளைஞர் காலனியைச் சேர்ந்தவர். நாங்கள் ஊர்த்தெரு. அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்தவர். டைரியில் அன்று 'அவன்' என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். இது ஒன்றும் பெரிய பரிகாரம் இல்லை.

பதினோரு நாள் கழித்துச் செஞ்சி பேருந்து நிலையத்தில் அவர்கள் இருவரும் நின்று பேசுவதைப் பார்த்தேன். அதே நேரம் திண்டிவனம் பேருந்திலிருந்து எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா இறங்கினார். அவர் கவனித்தாரா என்று தெரியாது. கவனித்தால் என் கல்யாணம் நின்றுவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாகிவிட்டது.

அன்றைய பதிவு இதுதான், எழுத்து மாறாமல்: "மாலை 6.10. கலை விஷயத்தை நைனாவிடம் சொன்னேன். கரண்ட் இல்லை. புழுக்கம்."

நைனா, அதாவது எங்கள் அப்பா, "யாரு பையன்?" என்று மட்டும் கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். அவர் கேட்காமலேயே தெருவையும் சொன்னேன்.

மறுநாளே கலையின் கல்லூரி நின்றது. அந்தப் பையனின் அப்பாவை இனி நிலத்துக்கு வர வேண்டாம் என்றார்கள். மாமாக்கள் இரண்டு பேர் காலனிக்குப் போய் வந்தார்கள். அந்த மாதமே மகன் ஊரைவிட்டுப் போனார். என் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆறு மாதம் கழித்து அனந்தபுரத்தில் கலைக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மாப்பிள்ளை மோட்டார் பம்பு பழுது பார்ப்பவர்.

என் கல்யாண ஆல்பத்தில் கலை பூத்தட்டோடு என் பக்கத்தில் நிற்கிறாள். இடது கண்ணாடியில் குறுக்காக ஒரு கோடு தெரிகிறது. மாற்றித் தருகிறேன் என்று அம்மா பலமுறை சொல்லியும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. இருபத்தேழு ஆண்டுகளாக அந்தப் படம் என் வீட்டுக் கூடத்து அலமாரியில் இருக்கிறது.

5

கிறிஸ்துமஸ் விடுமுறையில் செஞ்சிக்குப் போனோம். நானும் கணவரும், யாழினியும் யோனாஸும். லேனா கேட்ட புகைப்படத்தை எடுத்தே தீர வேண்டும் என்று யாழினி பிடிவாதமாக இருந்தாள். நான் கோட்டையில் வேலை நடக்கிறது, வெயில், குரங்குத் தொல்லை என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றும் எடுபடவில்லை.

கலை அனந்தபுரத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, யோனாஸ் வாசலிலிருந்து என்னை "வசந்தி!" என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டாள். இங்கே மாமியாரைப் பெயர் சொல்லி அழைப்பதுதான் வழக்கம்.

"இன்னாக்கா இது, மாப்ள பேரு சொல்லி கூப்புட்றாரு! மாமாகூட ஒருநாளும் கூப்ட்டதில்லியே. 'தோ பாரு', 'ஏம்மா'ன்னுதான கூப்புடுவாரு?"

"கூப்பிட்டா உங்க அக்கா திரும்பிப் பார்க்கணுமே" என்றார் என் கணவர்.

அவருக்கு முழங்கால் வலி. கோட்டை அடிவாரத்தில், கல்யாண மஹால் என்கிற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்கு மேல் மலையேற விடமாட்டார்கள் என்பதால் நாங்கள் நான்கு பேரும் எட்டரை மணிக்கே படியேறினோம். இரண்டாவது வாசலைத் தாண்டி, படிகள் பாறையோடு வளைகிற இடத்தில் யாழினி நின்றாள். நான் சொல்லிச் சொல்லி அவளுக்கு அந்த இடம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது.

"சித்தி, இங்கதான்! அம்மா இங்க நின்னாங்க. குரங்கு வந்து கண்ணாடிய எடுத்துட்டுப் போச்சு. அப்பா யாருன்னே அப்போ தெரியாது. அவர் குரங்குக்குக் கடலை குடுத்தார்."

கலை படியில் ஒரு காலும் மேல்படியில் ஒரு காலுமாக நின்றாள். "கொரங்கு வாங்கிகிச்சா?"

"வாங்கிடுச்சு! கண்ணாடிய கீழ போட்டுது. ஒரு பக்கம் உடைஞ்சிடுச்சு. அம்மாவுக்குப் படி தெரியல. அப்பா கையப் பிடிச்சு, படி எண்ணிட்டே கீழ வரைக்கும் கூட்டிட்டு வந்தார்."

"கைய புடிச்சா?"

"ஆமா சித்தி. ரொமான்டிக்கா இல்ல?"

கலை என்னைப் பார்க்கவில்லை. "எத்தினி படியாம்?"

"அது தெரியாது. அம்மா, எத்தனை படி?"

"முந்நூத்தி நாப்பத்தொண்ணு" என்றேன். அடக்குவதற்குள் வாயில் வந்துவிட்டது.

"பாரு, கரெக்டா சொல்றா" என்றாள் கலை. "உங்கம்மா எல்லாத்தையும் எழுதி வெப்பா. அவ எழுதி வெச்சா தப்பே இருக்காது." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

யோனாஸ் அதைப் பார்த்துவிட்டு யாழினியிடம் ஏதோ கேட்டான். அவள் தமிழில் சொன்னாள்: "சித்தி, நம்ம ஃபேமிலில எல்லாருக்குமே கண்ணு வீக்கான்னு கேக்கறான்."

"ஆமாம்னு சொல்லு. எல்லாருக்கும்தான்."

படம் எடுத்தார்கள். பிறகு யாழினியும் யோனாஸும் மேலே இருக்கிற பாலத்தைப் பார்க்கப் போனார்கள். நானும் கலையும் அந்த வளைவிலேயே உட்கார்ந்தோம். கீழே வயல்கள், அப்பால் எதிர் மலையில் ராணிக்கோட்டை. நான் என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

"நல்லாதான் சொல்றா பொண்ணு" என்றாள் கலை. "எனக்கே அவ்ளோ நல்லா சொல்ல வராது."

"கலை, நான் வேணும்னு…"

"நைனாகிட்ட சொன்னதையும் எழுதி வெச்சிருக்கியா?"

கீழே ஒரு குரங்கு யாருடைய பையையோ இழுக்க, ஒரு குடும்பமே கத்தியது.

"எழுதியிருக்கேன்."

"எத்தினி மணி?"

"ஆறு பத்து."

"ஆறு பத்தா." அவள் யோசித்தாள். "அப்ப நான் மாடில மொளகா அள்ளிகிட்டிருந்தேன். பஸ் கண்டக்டர் மாமா பார்த்துட்டு சொல்லிட்டாருன்னு நெனச்சேன். ஒரு வருசம் அந்த மனுசன் மூஞ்சிலயே முழிக்கல, பாவம். அப்பறம் அம்மாதான் ஒருநாளு உளறிடுச்சு."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப? நீ போன்ல இங்க எவ்ளோ வெயிலு, எவ்ளோ மழன்னு கேப்ப. நானும் சொல்லுவேன். அப்டியே போயிடுச்சு."

"மன்னிச்சிடு கலை."

"சினிமா மாதிரி பேசாதக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை; கூச்சப்பட்டுச் சொன்னாள். எனக்கும் அந்தச் சொல் என் குரலிலேயே விசித்திரமாகத்தான் கேட்டது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத சொல் அது.

பிறகு அவளே பேசினாள். "அவருக்கு தெரியும். கல்யாணம் ஆன மறுவருசமே சொல்லிட்டேன்." அவர் என்றது தன் கணவரை. "சிரிச்சாரு. நல்ல கொரங்குன்னாரு. உம்புருசனுக்கு தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அனந்தபுரத்தில் பம்பு பழுது பார்க்கிறவரிடம் சொல்ல முடிந்ததை, இவ்வளவு சுதந்திரமான ஊரில் இருந்துகொண்டு நான் என் கணவரிடம் சொல்லவில்லை.

"கதைய வெச்சுக்கறதுன்னா நீயே வெச்சுக்க" என்றாள் கலை. "எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா கைய புடிச்சான்னு மட்டும் போடாத. அவன் புடிக்கல. கொரங்க வெரட்ட ஒரு குச்சி வெச்சிருந்தான். அதோட ஒரு முனைய நீட்டினான், இன்னொரு முனைய நான் புடிச்சிகிட்டேன். பாதி வழில எனக்கு பயமா போயி கைய நீட்டினேன். 'வேணாங்க, குச்சியவே புடிங்க, யாராச்சும் பாத்துடுவாங்க'ன்னான். எனக்காக பயந்தான்க்கா. அவனுக்கும்தான். அத போயி கைய புடிச்சான்னு சொன்னா, அப்பறம் அந்தக் கதைல இன்னா இருக்குது?"

நான் அந்தக் குச்சியை மறக்கவில்லை. டைரியில் இருக்கிறது. வகுப்பில் ஆசிரியை கேட்டபோது, ஏன் கையைப் பிடிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் காலனியும் ஊர்த்தெருவும் வரும். பிறகு நைனா வருவார். கடைசியில் நான் வருவேன். அதனால்தான் ஆமாம் என்றேன்.

மேலேயிருந்து யாழினியின் சிரிப்புக் கேட்டது. கலை எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அந்த நோட்டு இன்னும் இருக்குதா?"

"இருக்கு."

"நான் சொன்னத அன்னிக்கே எழுதினல்ல? படி எண்ணும்போது நடுவுல இன்னாமோ ஒரு ஜோக்கு சொன்னான். குச்சிய விட்டுட்டு சிரிச்சேன். அது இன்னான்னு எத்தினி நாளா யோசிச்சும் வரல. நைனா எல்லாத்தையும் எரிச்சிட்டாரு, ஒரு காயிதம் இல்ல எங்கிட்ட. அத அனுப்பி வெக்கறியா?"

6

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை, படம் போடுவதற்கு முன்பு கணவரையும் யாழினியையும் உட்காரவைத்துச் சொன்னேன். தமிழில் ஆரம்பித்து, யாழினிக்குப் புரியாத இடங்களில் ஜெர்மனுக்கு மாறினேன். 'காலனி' என்ற சொல்லுக்கு மட்டும் கால் மணி நேரம் ஆயிற்று. அதைச் சொல்லித்தராமல் வளர்த்ததை நல்ல வளர்ப்பு என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கணவர், "நான் அந்தக் குரங்கை எத்தனை பேர் முன்னாடி நடிச்சுக் காட்டியிருப்பேன்" என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை. அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

யாழினி அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்தாள். பூத்தட்டோடு கலை நிற்கிற படத்தைக் கைபேசியில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணாடியின் கோட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அவர் பேரு என்ன?"

இருபத்தேழு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. நைனா கேட்டது வேறு மாதிரி. பெயரைச் சொன்னேன். அதை இங்கே எழுதும் உரிமை எனக்கு இல்லை. கலை என்பதும் அவளுடைய உண்மையான பெயர் அல்ல. எழுதிக்கொள், பெயரை மட்டும் மாற்று என்று அவள் சொன்னாள்.

அன்று படம் பார்க்கவில்லை. அதற்கடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் யாழினி வரவில்லை. மூன்றாம் வாரம் கலையிடமிருந்து எனக்குத் தகவல் வந்தது: "உம் பொண்ணு தெனம் போன் பண்றா. அவ பேசுற தமிழுக்கு எனக்கு வாய் வலிக்குது."

லேனாவுக்கு முதல் கேள்வியின் பதிலை அனுப்பினேன். "என் பிறந்த வீட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில். எட்டு நிமிடம். ஜெர்மனியின் குளிர் பரவாயில்லையா என்று அவர் கேட்டார். பரவாயில்லை என்று நான் சொன்னேன்." குரங்கு என்ன ஆயிற்று என்று லேனா திரும்ப எழுதிக் கேட்டாள். அது வேறு இருவருடைய கதை, அவர்களைக் கேட்காமல் அச்சடிக்க முடியாது என்று பதில் போட்டேன்.

டைரியை அனுப்புவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கலை கேட்ட இரண்டே முக்கால் பக்கத்திலிருந்து ஆறு தாள் தள்ளி அந்த 6.10 பதிவு இருக்கிறது. முதலில் வேண்டிய பக்கங்களை மட்டும் நகலெடுக்கலாமா என்று யோசித்தேன். பிறகு அந்த 6.10 தாளை மட்டும் பிளேடால் எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். கடைசியில் முழு நோட்டையும் அப்படியே உறையில் வைத்தேன். அனுப்புவதற்கு முன் அந்த நகைச்சுவையை ஒருமுறை படித்துக்கொண்டேன். சாதாரணமானதுதான். படி எண்ணுகிற இடத்தில் வந்தால் நீங்களும் சிரிப்பீர்கள்.

தபால் அலுவலகத்தில் சுங்கப் படிவம் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில் 'பழைய நோட்டு, ஒன்று' என்று எழுதினேன். அனுப்பும் காரணத்துக்குச் சில கட்டங்கள் இருந்தன: பரிசு, ஆவணம், விற்பனைப் பொருள், வணிக மாதிரி, திரும்ப அனுப்பப்படும் பொருள், மற்றவை. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. பிறகு ஒரு கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டம் வாங்கின சாமானைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு அம்மா. நீங்கள் 'பரிசு' என்று போட்டால் போதுமே" என்றாள்.

"இல்லை, சரியாகத்தான் போட்டிருக்கிறேன்" என்றேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு முத்திரை குத்தினாள்.